அரசறிவியல் படிக்கலாமா? கொட்டாஞ்சேனைத் தங்கச்சிக்கு ஒரு விரிவான பதில்

தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். வீடு கொட்டாஞ்சேனையில். உயர்தரத்தில் தமிழ், புவியியல், அரசறிவியல் மூன்றையும் தமிழ் மொழிமூலம் எடுத்து நல்ல பெறுபேறு வந்திருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீடம் கிடைக்கும் போல இருக்கிறது. அங்கே போய் அரசறிவியலைச் சிறப்புப் பாடமாகச் செய்ய ஆசை. ஆனால் அப்பா "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?" என்கிறாராம். ரியூஷன் சேர் "இங்கிலிஷ் இல்லாமல் அங்க தாக்குப்பிடிக்க ஏலாது" என்கிறாராம். மாமா ஒருவர் "எங்கட பிள்ளைகளுக்கு அரசியல் வேண்டாம்" என்கிறாராம். இந்த மூன்று பேருக்கும் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி.

நான் அதே பீடத்தில் அதே பாடத்தைப் படித்து வந்தவள். இப்போது உயர்தர வகுப்புகளுக்கு அதைக் கற்பிக்கிறேன். என் பதில்: படியுங்கள் தங்கச்சி. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டத்தின் பெறுமதி நீங்கள் எவ்வளவு வாசிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. நோட்ஸ் வாசிப்பதைச் சொல்லவில்லை. அரசியல் யாப்பு, நீதிமன்றத் தீர்ப்பு, ஹன்சாட் எனும் பாராளுமன்ற உரைப் பதிவு, தேர்தல் பெறுபேறு என்று மூல ஆவணத்தையே கையில் எடுத்து, அதைப் பற்றி ஊரில் பேசப்படுவதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாசிப்பைச் சொல்கிறேன். அந்தப் பழக்கம் வந்தவர்களுக்கு இந்தப் பாடம் வாழ்க்கை முழுக்க உதவும். வராதவர்களுக்கு நான்கு வருடமும் இன்னொரு ஏ.எல். மாதிரியே போய்விடும்.

உயர்தரத்தில் என்ன செய்தோம்? "1978 யாப்பின் சிறப்பியல்புகளைத் தருக." ஐந்து எழுதினால் ஐந்துக்கும் புள்ளி. தேர்தல் முறை என்றால் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தின் நன்மை தீமைகளைப் பாடமாக்கினோம். கம்பஸில் அதே தேர்தல் முறைதான் வரும், ஆனால் வேறு விதமாக வரும். ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

2024 நவம்பர் 14 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். தெற்கத்தையக் கட்சியான தேசிய மக்கள் சக்தி மூன்றை எடுத்தது. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, ஒரு சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. மறுநாள் காலையிலேயே தெற்கில் "யாழ்ப்பாணம் மாறிவிட்டது" என்றார்கள். வடக்கில் சிலர் "எல்லாம் முடிந்தது" என்றார்கள். இரண்டு பக்கமும் ஆசனத்தைப் பார்த்துத்தான் பேசியது. வாக்கைப் பாருங்கள். மூன்று ஆசனம் எடுத்த கட்சிக்குக் கிடைத்தது 80 ஆயிரத்துக்குச் சற்று மேல். அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. தமிழரசுக்கு 63 ஆயிரத்துக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு ஒன்று ஆனது எப்படி?

முதலில், மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போகிறது. ஆறில் ஒன்று அங்கேயே முடிந்தது. அப்புறம் 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்த எல்லோருடைய வாக்கும் கணக்கிலிருந்து கழிக்கப்படும். எஞ்சிய வாக்கை மீதி ஐந்து ஆசனத்தால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கான அளவு வரும். அந்த அளவை முழுதாக எட்டியவை தேசிய மக்கள் சக்தியும் தமிழரசும்தான். ஆளுக்கு ஒன்று. இன்னும் மூன்று ஆசனம் மிச்சம். அவை மிகுதி வாக்குகளின், அதாவது அந்த அளவைக் கழித்தபின் ஒவ்வொருவர் கையிலும் எஞ்சும் வாக்குகளின், வரிசைப்படி போகும். முதற் கட்சியின் கையில் இருந்த மிகுதிதான் பெரியது, ஆகவே அதற்கு இன்னொன்று. அடுத்து தலா 28 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்திருந்த தமிழ்க் காங்கிரசும் சுயேச்சைக் குழுவும் ஆளுக்கொன்றை எடுத்தன. தமிழரசின் மிகுதி அவ்வளவுக்கு எட்டவில்லை.

ஆக, யாழ்ப்பாணத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேறு பக்கம் போனது, ஆனால் அது பல துண்டாக உடைந்து போனது என்பது ஒரு கதை. முன்பு தெற்கத்தையக் கட்சிக்கு இந்த அளவு வாக்கு விழாத மாவட்டத்தில் நான்கில் ஒருவர் அதற்குப் போட்டார் என்பது இன்னொரு கதை. இரண்டும் உண்மை. எந்தக் கதைக்கு எந்த எண் ஆதாரம் என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் அரசறிவியல். அந்த 5 வீதம்கூட வானத்திலிருந்து விழுந்ததல்ல. யாப்பில் முதலில் இருந்தது பன்னிரண்டரை வீதம். 1988இல் 15ஆவது திருத்தம்தான் அதைக் குறைத்தது. பழைய வீதமே இருந்திருந்தால் மேலே சொன்ன ஆறு ஆசனத்தில் சிறிய இரண்டு அணிக்கும் இடமே இருந்திருக்காது. யார் அதைக் குறைக்கக் கேட்டார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று தேடத் தொடங்கினால் உங்களுக்கு ஒரு செமஸ்டர் கட்டுரை கிடைத்துவிடும்.

இதற்காக யாழ்ப்பாணம் வரைக்கும் போகவும் தேவையில்லை. உங்கள் வீட்டையே எடுங்கள். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பொதுத்தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துக்குள் அப்பாவும் அம்மாவும் மூன்று முறை வாக்குச்சாவடிக்குப் போயிருப்பார்கள். மூன்று முறையும் வாக்குச்சீட்டு வேறு, எண்ணும் முறையும் வேறு. முதலாவதில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை போடலாம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் வராததால் நம் நாட்டு வரலாற்றில் முதற்தடவையாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள். இரண்டாவதில் கட்சிக்கு ஒரு புள்ளடி, விரும்பினால் அந்தப் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. மூன்றாவதில் வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறை, ஒரே ஒரு புள்ளடி. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், மூன்றிலும் ஒரே மாதிரி யோசித்தா போட்டார் என்று. பெரும்பாலும் இல்லை என்பார். ஒரே மனிதர் சீட்டு மாறும்போது ஏன் வேறு மாதிரி முடிவெடுக்கிறார்? இதை உலகம் முழுக்க ஆராய்கிறார்கள். உங்களுக்கு அது சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது.

இனி மாமாவின் பயம். அதை நான் லேசாக எடுக்கவில்லை. 83 இனக்கலவரத்தையும் அதற்குப் பிறகு வந்த சுற்றிவளைப்புகளையும் கொழும்பில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரசியல் படிக்காவிட்டால் அரசியல் நம்மை விட்டுவிடும் என்று இல்லை. நான் வகுப்பில் திரும்பத் திரும்ப எடுக்கும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். கோடீஸ்வரன் வழக்கு. அரசாங்க எழுதுவினைஞர் சேவையில் இருந்த ஒரு தமிழர். சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய 1956 அரச கரும மொழிச் சட்டத்துக்குப் பின் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை சித்தியடையவில்லை என்று அவருடைய வருடாந்தச் சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். அப்போதிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் சுமை ஏற்றும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது. மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம் மொழிச் சட்டத்தைத் தொடவே இல்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போட முடியாது என்று சொல்லி 1967இல் முடித்தது. 1969இல், அப்போது நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றாக இருந்த லண்டன் கோமறைக் கழகம், போடலாம், யாப்புக் கேள்வியைத் திரும்ப விசாரியுங்கள் என்று அனுப்பி வைத்தது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. 1972இல் 29ஆம் பிரிவு இல்லாத புதிய யாப்பு வந்துவிட்டது.

ஒரு சம்பள ஏற்றம், தங்கச்சி. அதற்குள் மொழி, யாப்பு, நீதிமன்றத்தின் துணிவும் தயக்கமும், பாராளுமன்றப் பெரும்பான்மையின் பலம் எல்லாம் இருக்கிறது. மேடையில் "எங்கள் உரிமையைப் பறித்தார்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எந்த வருடம், எந்தச் சட்டம், எந்த மன்று, எந்தக் காரணம் என்று படிப்படியாகச் சொல்ல வருகிறவரை யாரும் எளிதில் மறுத்துப் பேச முடியாது. உங்கள் குடும்பத்துக்கு மலையகப் பக்கம் வேர் இருந்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1952இல் ஒருவரும் இல்லை. இடையில் நடந்தது என்ன என்பதைச் சட்டத்தின் பிரிவு பிரிவாகப் படிக்கும்போது வரும் கோபத்தில் ஒரு தெளிவும் இருக்கும். மாமாவிடம் சொல்லுங்கள்: கட்சியில் சேருவது வேறு, இந்தப் பாடத்தைப் படிப்பது வேறு. கம்பஸுக்குள் மாணவர் சங்கங்கள் இருக்கும், சிலவற்றின் பின்னால் கட்சிகளும் இருக்கும். சேருவதும் சேராமல் இருப்பதும் உங்கள் விருப்பம். பகிடிவதை என்று யாராவது அழுத்தம் கொடுத்தால் அது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். தயங்காமல் பீடத்தில் சொல்லுங்கள்.

பாடத்திட்டத்தில் வேறு என்ன வரும்? அரசியல் சிந்தனை வரும். பிளேட்டோ, அரிஸ்டோட்டில், ஹொப்ஸ், லொக், ரூசோ, மார்க்ஸ். ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், பொது நிர்வாகம், பொதுக் கொள்கை, ஆய்வு முறையியல். சிந்தனைப் பகுதி பலருக்கும் ஆரம்பத்தில் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். 2022இல் காலிமுகத்திடல் போராட்டம் ஒரு ஜனாதிபதியை நாட்டை விட்டே ஓடவைத்தது. ஆனால் அடுத்த ஜனாதிபதியைத் திடலில் நின்ற மக்கள் தெரிவுசெய்யவில்லை. யாப்பின் 40ஆம் உறுப்புரைப்படி பாராளுமன்றம் ஜூலை 20இல் 134 வாக்கால் தெரிவுசெய்தது. இறைமை யாரிடம் இருக்கிறது என்று ஹொப்ஸும் ரூசோவும் முரண்படுவதை அந்த நாட்களை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள், நித்திரை வராது. ஆய்வு முறையியலில் கொஞ்சம் புள்ளிவிபரவியல் இருக்கும். கலைப் பிரிவுப் பிள்ளைகள் அதைக் கண்டு ஒதுங்குவது எனக்கு எப்போதும் கவலை. மேலே யாழ்ப்பாணக் கணக்கை விளங்கிக்கொண்டீர்கள் என்றால் அதற்கும் உங்களால் முடியும்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். ரியூஷன் சேர் சொல்வதில் பாதி சரி. கொழும்புக் கலைப்பீடம் மூன்று மொழியிலும் கற்பிக்கிற இடம். ஆனால் எல்லாப் பாட அலகும் எல்லா மொழியிலும் எல்லா வருடமும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பதியும்போதே எந்த அலகு தமிழில் நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விரிவுரை தமிழில் நடந்தாலும் வாசிப்புப் பட்டியலில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் இந்தத் துறைக்கு நல்ல நூல்கள் போதாது, அது நம் எல்லோருடைய குறை. அதற்காகப் பயப்படத் தேவையில்லை. நம் யாப்பு மூன்று மொழியிலும் கிடைக்கிறது. பாராளுமன்ற இணையத்தளத்தில் தமிழையும் ஆங்கிலத்தையும் இறக்கி, ஒரு நாளைக்கு ஓர் உறுப்புரை வீதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரிந்த விடயம் என்பதால் ஆங்கிலம் தானாகப் பிடிபடும். பேச்சு ஆங்கில வகுப்புக்குக் காசு கொட்டுவதை விட இது இந்தப் படிப்புக்கு அதிகம் உதவும். முதல் வருடத்தில் குப்பியையும் விடாதீர்கள். குப்பி என்றால், சீனியர் ஒருவரோ பெட்சில் கெட்டிக்காரர் ஒருவரோ பரீட்சைக்கு முன் கன்டீன் பக்கமோ வெறுமையாகக் கிடக்கும் விரிவுரை மண்டபத்திலோ பத்துப் பதினைந்து பேரை இருத்தி ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் உடைத்துக் காட்டுவது. காசு கிடையாது, ஒரு பிளேன்டீ போதும். நான் ஆங்கில ஆய்வுக் கட்டுரை வாசிக்கப் பழகியது அங்கேதான். இரண்டாம் வருடத்தில் நீங்களே ஒரு குப்பி எடுங்கள், ஏனென்றால் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் நமக்கே முழுதாக விளங்கும்.

சிங்களத்தைப் பற்றி ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆங்கிலத்தை விடவும் முக்கியம் என்று படுகிறது. ஒரே துறை, ஒரே விடயம், ஆனால் தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் ஒரு மண்டபத்தில், சிங்கள மொழிமூலப் பிள்ளைகள் இன்னொரு மண்டபத்தில். 1956ஐ நாம் ஒரு மாதிரிப் படிக்கிறோம், அவர்கள் வேறு மாதிரிப் படிக்கிறார்கள், இரண்டு பக்கமும் மற்றதைக் கேளாமலே பட்டம் எடுத்துப் போகலாம். இது எனக்குத் தாங்க முடியாத விடயம். நீங்கள் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர், கடைத்தெருச் சிங்களம் நிச்சயம் தெரிந்திருக்கும். அதை வாசிக்கிற சிங்களமாக மாற்றுங்கள். ஹன்சாட்டை எடுத்துப் பார்த்தால் விளங்கும்: உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சிடுவார்கள். சிங்களம் வாசிக்காதவருக்கு நம் பாராளுமன்ற விவாதத்தின் பெரும்பகுதி மூடியே கிடக்கும். மூன்று மொழியிலும் மூல ஆவணம் வாசிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் இந்தத் துறையில் மிகக் குறைவு. நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராகலாம்.

அதுவே அப்பாவின் கேள்விக்கும் பதிலாக அமையும். ஒளிக்காமல் சொல்கிறேன்: பட்டம் வாங்கிய கையோடு காத்திருக்கிற வேலை என்று இந்தப் பாடத்துக்கு இல்லை. கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் நிற்பதை அப்பா கோட்டைப் பக்கம் கண்டிருப்பார். அரசாங்கம் அவ்வப்போது மொத்தமாக அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக எடுக்கும். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். இலங்கை நிர்வாக சேவையும் வெளிநாட்டுச் சேவையும் திறந்த போட்டிப் பரீட்சை, எந்தப் பட்டதாரியும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். போட்டி கடுமை. ஆனால் யாப்பையும் பொது நிர்வாகத்தையும் ஊன்றிப் படித்தவருக்கு அது புதுப் பாடமாக இருக்காது. என்னோடு படித்தவர்களில் ஆசிரியர்களானவர்கள் அதிகம். சிலர் சட்டக் கல்லூரிக்குப் போனார்கள், சிலர் பத்திரிகைக்குப் போனார்கள். கொழும்பில் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், சர்வதேச இனத்துவ ஆய்வு நிலையம் போன்ற ஆய்வு நிறுவனங்களும் தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளும் இருக்கின்றன. அங்கெல்லாம் வடக்கு கிழக்கு, மலையக வேலைகளுக்கு, தமிழில் மக்களோடு பேசி, சிங்களத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதக்கூடியவரைத்தான் தேடுவார்கள். மூன்றும் சேர்ந்த ஆளைக் கண்டுபிடிக்க அவர்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் வருடத்திலிருந்தே தேர்தல் கண்காணிப்புத் தொண்டராகவோ ஆய்வு உதவியாளராகவோ போய் வேலை பழகுங்கள். இறுதி வருடத்தில் தேடத் தொடங்கினால் பிந்திவிடும்.

கொழும்பா யாழ்ப்பாணமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் நல்ல துறை, தமிழ்ச் சூழலிலேயே படிக்கலாம், போரை நேரே கண்ட மக்களின் நடுவில் இருப்பீர்கள். ஆனால் உங்களுக்கு வீட்டிலிருந்தே போகக்கூடிய கொழும்பு கிடைத்தால் கொழும்பை எடுங்கள். போர்டிங் காசு மிச்சம் என்பது ஒன்று. தேசிய சுவடிகள் திணைக்களம் கம்பஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ரீட் அவெனியூவிலேயே (இப்போது பிலிப் குணவர்தன மாவத்தை) இருக்கிறது என்பது எனக்கு அதை விடப் பெரிய காரணம். பழைய பத்திரிகை, பழைய வர்த்தமானி எல்லாம் அங்கே பார்க்கலாம். தமிழ் நூல்களுக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். வீட்டிலிருந்தபடி பார்க்க 'நூலகம்' என்ற இணையத்தளம். பாராளுமன்றப் பார்வையாளர் கூடத்தில் ஒரு முறையாவது இருந்து ஒரு விவாதத்தை முழுதாகக் கேளுங்கள்.

கடைசியாக, மூன்றாம் பாடம். முதல் வருடம் மூன்று பாடம் செய்ய வேண்டும், அந்தப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள். கிடைக்காதவர்கள் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வருவார்கள். ஆகவே முதல் வருடத்தை ஓய்வு வருடம் என்று நினைக்க வேண்டாம். அரசறிவியலோடு புவியியலை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். தேர்தல் வரைபடத்துக்கும் எல்லை நிர்ணயத்துக்கும் அது கை கொடுக்கும். மூன்றாவதாகத் தமிழை விட்டுப் பொருளியலை எடுக்க முடிந்தால் எடுங்கள். 2022இல் வரிசையில் நின்ற நாட்டின் அரசியலைக் கடன், வரி, இறக்குமதி தெரியாமல் விளங்கிக்கொள்ள முடியாது. உயர்தரத்தில் செய்யாத பாடம் என்று கலைப்பீடத்தில் மறுத்தால் சமூகவியலோ வரலாறோ கேளுங்கள். அந்தப் படிவத்தை நிரப்பும் முன்னர் துறைக்கு ஒரு தடவை போய், இந்த வருடம் எந்தச் சேர்க்கைக்கு நேர அட்டவணை ஒத்துவருகிறது என்று விசாரியுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய கேள்வியை அவரே நேரில் கேட்கட்டும்.